வெள்ளையாக மின்னும் அரை டாலரா, சாம்பல் பூத்ததா? பழைய அமெரிக்க வெள்ளி நாணயத்தின் இயல்பான மேற்பரப்பைக் கண்டறிவது பற்றி ஒரு கேள்வி

வைகை_வடகரை:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை செல்லூரில் வசிக்கிறேன். 12 ஆண்டுகளாகப் பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்களை, அதிலும் குறிப்பாக 1835ஆம் ஆண்டு வில்லியம் ரூபாயையும் 1840ஆம் ஆண்டு விக்டோரியா ரூபாயையும் சேர்த்து வருகிறேன். அமெரிக்க நாணயங்களை இதுவரை கையில் எடுத்துப் பார்த்தது மிகக் குறைவு.

திருநகரில் காலமான பெரியவர் ஒருவரின் சேகரிப்பை அவருடைய மகள் விற்பனைக்கு வைத்திருக்கிறார். அதில் 1812, 1827, 1834 ஆகிய ஆண்டுகளைத் தாங்கிய 3 அமெரிக்க அரை டாலர்கள் இருக்கின்றன. மூன்றும் விடுதலையைக் குறிக்கும் பெண்ணான லிபர்ட்டியின் தொப்பியணிந்த உருவம் ஒருபுறமும் கழுகு மறுபுறமும் கொண்டவை. விளிம்பில் வரிகளுக்குப் பதிலாக எழுத்துகள் ஓடுகின்றன. எடை போட்டதில் மூன்றும் 13.2 கிராமுக்கும் 13.4 கிராமுக்கும் இடையில் நின்றன. போலி என்று சந்தேகப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை.

என் குழப்பம் மேற்பரப்பைப் பற்றியது. 1827ஆம் ஆண்டு நாணயம், நேற்றுத்தான் அடித்தது போல வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஆனால் லிபர்ட்டியின் கூந்தல் சுருள்கள் ஓரளவு தேய்ந்திருக்கின்றன. 1834ஆம் ஆண்டு நாணயம் மழைக்கால வானம் போன்ற சாம்பல் நிறம். விளிம்பை ஒட்டி மட்டும் நீலமும் பழுப்பும் மெல்லியதாகத் தெரிகின்றன. 1812ஆம் ஆண்டு நாணயத்தில் மயில் கழுத்து நிறம் மேற்பாதி முழுவதும் பரவியிருக்கிறது, பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கிறது. அந்த அம்மையார் 1812க்கு அதிக விலையும், 1827க்கு அடுத்த விலையும், 1834க்கு எல்லாவற்றையும்விடக் குறைந்த விலையும் சொல்கிறார்.

எங்கள் வீட்டில் வெள்ளிச் சாமான் கறுத்திருந்தால் அது வீட்டுப் பெண்களின் கவனக்குறைவு என்றே பேசுவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கையும் பன்னீர்ச் செம்பையும் திருநீறு போட்டுத் துலக்கி வைப்பதைப் பார்த்து வளர்ந்த கண் என்னுடையது. ஆகவே வெள்ளை நாணயத்தின் பக்கமே மனம் சாய்கிறது. ஆனால் ஒருமுறை அப்படிச் சாய்ந்து ஏமாந்திருக்கிறேன். 6 ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனையாளரிடம் பளிச்சென்ற வில்லியம் ரூபாய் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் அதன் முகத்தில் தேயிலைக் கறை போலப் பழுப்புத் திட்டுகள் எழும்பிவிட்டன. மருந்தில் முக்கி எடுத்துச் சரியாக அலசாமல் விற்ற நாணயம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சென்று நாணயங்களைக் கையில் எடுத்துப் பார்க்க அனுமதி பெற்றிருக்கிறேன். எதை, எந்த வெளிச்சத்தில், எப்படிப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் கடமைப்பட்டிருப்பேன்.

காரைக்குடி_பெட்டகம்:

வணக்கம். நிறம் அழகாக இருக்கிறதா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். நாணயத்தின் தேய்மானம் சொல்லும் கதையும் அதன் நிறம் சொல்லும் கதையும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதைத்தான் நான் எந்தப் பழைய வெள்ளியிலும் முதலில் பார்ப்பேன். அந்த இரண்டும் முரண்பட்டால், நடுவில் யாரோ ஒருவர் கை வைத்திருக்கிறார் என்று பொருள்.

இந்த வகை அரை டாலரை வடிவமைத்தவர் ஜான் ரீச். சட்டப்படி அதன் எடை 208 கிரெயின், அதாவது 13.48 கிராம், வெள்ளி 89.24 விழுக்காடு, மீதி செம்பு. நீங்கள் பழகிய ரூபாய் 180 கிரெயின், சரியாக ஒரு தோலா. அதில் வெள்ளி 91.67 விழுக்காடு. இரண்டும் ஏறக்குறைய ஒரே குணமுள்ள உலோகம் என்பதால், ரூபாயில் நீங்கள் 12 ஆண்டுகள் பெற்ற கண்பழக்கம் இங்கும் உதவும். நீங்கள் சொல்லும் எடைகள், புழக்கத்தில் சற்றுத் தேய்ந்த நாணயங்களுக்குப் பொருத்தமானவையே.

கைமாறிக் கைமாறிப் புழங்கிய நாணயத்தில் மேடான இடங்கள் முதலில் தேயும். இந்த வகையில் காதுக்கு மேலுள்ள கூந்தல் சுருள், தொப்பியின் மேல் மடிப்பு, தோளருகே ஆடையைப் பிணைக்கும் கொக்கி, மறுபுறம் கழுகின் சிறகு ஓரங்கள், நகங்கள் ஆகியவை அந்த மேடுகள். விரல் படாத பள்ளங்களில், அதாவது நட்சத்திரங்களின் முனைகளுக்கு இடையிலும் எழுத்துகளின் அடிவாரத்திலும் கூந்தலின் இழைகளுக்குள்ளும், பல தலைமுறை அழுக்கும் கருமையும் படிந்து நிற்கும். ஆகவே நேர்மையாகத் தேய்ந்த நாணயம் இரண்டு சாயலாகத் தெரிய வேண்டும்: மேடுகள் வெளிர் சாம்பலாகவும் பள்ளங்கள் அடர்ந்தும் இருக்கும். கூந்தல் தேய்ந்திருக்கிறது, ஆனால் நாணயம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது என்று நீங்கள் 1827ஐப் பற்றி எழுதியதைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. 200 ஆண்டுகள் ஆகப்போகும் வெள்ளி, அதுவும் சந்தையில் புழங்கிய வெள்ளி, தானாக அவ்வளவு வெளுப்பாக இருக்க வழியில்லை.

ஒளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் ஏமாறுவது அங்கேதான். அச்சு விழும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகளாக மேற்பரப்பில் பதிந்துவிடுகிறது. நாணயத்தை ஒற்றை விளக்கின் கீழே சாய்த்துச் சுழற்றினால் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல ஒளிப்பட்டைகள் சுழல்வது அந்த வரிகளால்தான். தயோயூரியாவும் அமிலமும் கலந்த திரவத்தில் நாணயத்தை முக்கும்போது கருமை மட்டும் போவதில்லை. வெள்ளியின் ஒரு மெல்லிய படலமும் சேர்ந்து கரைகிறது, வரிகளின் முகடுகள் மழுங்குகின்றன. இரண்டு மூன்று முறை முக்கிய நாணயம் வெள்ளையாக இருக்கும், ஆனால் சுழற்றினால் ஒளி நகராது. சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஒரே இடத்தில் நிற்கும். வெண்மை வேறு, ஒளி வேறு என்பதை ஒருமுறை கையில் பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது ஒரு சிறிய மேசை விளக்கைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டியூப்லைட் வெளிச்சம் நாலாபுறமும் பரவி மெல்லிய கீறல்களை மறைத்துவிடும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒற்றை விளக்கின் கீழே நாணயத்தை விளிம்பால் மட்டும் பிடித்து, எல்லாக் கோணங்களிலும் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். துணியாலோ பொடியாலோ தேய்த்த நாணயமாக இருந்தால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் முடியிழை போன்ற கீறல்கள் கூட்டமாக ஒரே திசையில் பளிச்சிடும். அடுத்த கோணத்தில் மறைந்துவிடும். அதன் பிறகு 5 மடங்கு அல்லது 10 மடங்கு பெருக்கும் லூப்பால் நட்சத்திரங்களின் இடுக்குகளைப் பாருங்கள். கீறல்கள் நட்சத்திரத்தின் அருகே வந்ததும் விலகி வளைந்து சென்றால் அது துணி சென்ற பாதை. புழக்கத்தில் விழும் கீறல்கள் இப்படி ஒழுங்காகச் செல்லா, ஒவ்வொன்றும் ஒரு திசையில் கிடக்கும்.

இனி நிறம். காற்றிலும் காகிதத்திலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு என்ற படலத்தை உண்டாக்குகிறது. தொடக்கத்தில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நாம் காணும் நிறங்கள் சாயம் அல்ல. சோப்புக் குமிழியில் தெரிவது போல, படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் பிறப்பவை. அதனால்தான் அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. படலம் தடிக்கத் தடிக்க முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பொன் பழுப்பு, பிறகு செம்மையும் கருஞ்சிவப்பும், பிறகு ஊதா, நீலம், பசுமை கலந்த நீலம் என்று மாறிக்கொண்டே போகும், கடைசியில் கருமை. காகித உறையிலோ அட்டை ஆல்பத்திலோ பல பத்தாண்டுகள் கிடந்த நாணயத்தில் கந்தகம் பெரும்பாலும் விளிம்பு வழியாகவே உள்ளே வரும் என்பதால், விளிம்பில் நீலமும் அதற்கு உள்ளே செம்மையும் அதற்கும் உள்ளே பொன்னிறமும் என்று படிப்படியாக மங்கிச் செல்வதை எதிர்பார்க்கலாம். உங்கள் 1834இல் விளிம்பை ஒட்டி மட்டும் நீலமும் பழுப்பும் இருப்பது அந்த வரிசைக்கு உடன்படுகிறது. மலிவாகக் கிடைக்கிறது என்பதால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். என் பெட்டியில் இருக்கும் அரை டாலர்களில் நான் அதிகமாக எடுத்துப் பார்ப்பது அப்படிப்பட்ட சாம்பல் நிற நாணயங்களைத்தான்.

1812ஐப் பற்றி, பார்க்காமல் தீர்ப்பு சொல்ல நான் விரும்பவில்லை. மேற்பாதியில் மட்டும் நிறம் ஏன் வந்தது என்பதற்கு அந்த நாணயமே விடை சொல்ல வேண்டும்.

தெற்காவணி_பட்டறை:

வணக்கம். நான் நாணயம் சேர்ப்பவன் அல்லன். தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு 3 தலைமுறையாக வெள்ளிப் பட்டறை இருக்கிறது. 1812ஆம் ஆண்டு நாணயத்தின் நிறத்தைப் பற்றிப் படித்ததும், எங்கள் தொழிலில் தினமும் செய்கிற ஒன்றைச் சொல்லலாம் என்று தோன்றியது.

ஆக்சிடைஸ் நகை என்று கடைகளில் விற்கிறதே, அதற்குக் கருமை ஏற்றுவது கந்தகத்தையும் பொட்டாஷையும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலில்தான். கரைசலை நீர்க்கக் கலந்து வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளித் தகட்டைக் கிடுக்கியில் பிடித்து முக்கி எடுத்தால், மேலே காரைக்குடி ஐயா சொன்ன அதே நிறங்கள் அதே வரிசையில் கண்ணெதிரே ஓடும். மஞ்சள் வந்து, சிவந்து, நீலமாகி, ஒரு நிமிடத்துக்குள் கறுத்துவிடும். வேண்டிய நிறத்தில் வெளியே எடுத்துத் தண்ணீரில் போட்டால் அது அங்கேயே நின்றுவிடும். அதாவது, 60 ஆண்டுகளில் வருகிற நிறத்தை எங்கள் பையன் டீ குடிக்கிற நேரத்துக்குள் கொண்டுவந்துவிடுவான். நிறத்தின் பெயரை மட்டும் வைத்து உண்மையா பொய்யா என்று சொல்ல முடியாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆனால் அவசரத்தில் ஏற்றிய நிறத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. ஒன்றுக்குள் ஒன்று கரைந்து இறங்க அதற்கு நேரம் இருந்திருக்காது. மஞ்சளிலிருந்து நேராக நீலத்துக்குத் தாவும். கரைசல் வடிந்த கோடு, சொட்டு நின்ற வட்டம் என்று ஏதாவது ஒன்று தெரியும். தேய்ந்த மேட்டிலும் தேயாத பள்ளத்திலும் ஒரே அடர்த்தியில் எண்ணெய் போல மிதந்து நிற்கும். கீறலையும் கவனியுங்கள். கீறலுக்குள்ளும் சுற்றியுள்ள இடத்திலும் ஒரே புது நிறம் பளபளத்தால், கீறல் விழுந்த பிறகுதான் நிறம் ஏறியிருக்கிறது.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்காசு என்றால் வளையம் வைத்து மாலையில் கோத்துவிடுவது வழக்கம். அந்த வளையத்தைக் கழற்றி, பற்றவைத்த இடத்தை அரத்தால் ராவி மெருகு போட்டுவிட்டால் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பற்றவைக்கக் காட்டிய சூட்டில் அந்த இடத்தின் வெள்ளி நிறம் மாறியிருக்கும். அதை மறைக்க நிறம் ஏற்றுவதும் உண்டு. மேற்பாதியில் மட்டும் மயில் கழுத்து நிறம் என்றால், உச்சியில் விளிம்பை லூப் வைத்துப் பாருங்கள். விளிம்பு எழுத்து அந்த இடத்தில் மழுங்கியிருக்கிறதா, உதடு, அதாவது நாணயத்தின் ஓரத்தில் மேடாக ஓடும் வளையம், அங்கே மட்டும் தட்டையாக இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குன்றத்து_வாசகன்:

ஐயா, இடையில் ஒரு கேள்வி. பழங்காலத்துச் சேகரிப்பாளர்களே தங்கள் நாணயங்களைத் துடைத்தும் தேய்த்தும்தான் வைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் கையே படாத இயல்பான மேற்பரப்பு என்ற ஒன்று இத்தனை பழைய நாணயத்தில் கிடைக்குமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். 1795ஆம் ஆண்டு டாலர் ஒன்றின் படத்தில் முகத்தின் குறுக்கே இணை இணையாகக் கோடுகள் இருந்தன. அதையும் தேய்த்த நாணயம் என்று ஒதுக்கிவிடலாமா?

காரைக்குடி_பெட்டகம்:

இரண்டும் நல்ல கேள்விகள். 1795ஆம் ஆண்டு டாலரை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். அந்தக் காலத்தில் வில்லையின், அதாவது இன்னும் அச்சிடாத வெறும் வட்டத் தகட்டின், எடை கூடுதலாக இருந்தால் அச்சிடுவதற்கு முன் அரத்தால் ராவிக் குறைப்பார்கள். எடை குறைவாக இருந்த சில வில்லைகளின் நடுவில் சிறு வெள்ளி ஆணி வைத்து அடித்த 1795 டாலர்கள்கூட உண்டு. ராவிய கோடுகள் அச்சுக்கு முந்தியவை என்பதால் அச்சின் அழுத்தத்தில் அவை ஆங்காங்கே நசுங்கியோ அறுந்தோ காணப்படும், கோட்டின் உள்ளும் புறமும் ஒரே பழைய நிறம் இருக்கும். அச்சுக்குப் பின் விழுந்த கீறல் அப்படியல்ல; உருவத்தின் மேலேயே ஏறி வெட்டிச் செல்லும். அரத்தின் கோடு நாணயச்சாலை விட்ட தடம், அதைப் பழுதாக எண்ணத் தேவையில்லை; ஆனால் முகத்தின் நடுவே ஆழமாக இருந்தால் அழகு குறையும், விலையும் குறையும்.

முதல் கேள்விக்கு என் விடை இதுதான். அறவே கை படாதது அரிது என்று நீங்கள் சொல்வது சரி. 19ஆம் நூற்றாண்டில் ஒருவர் துடைத்துவிட்டு, அதன் பிறகு நூறாண்டு மரப்பேழையில் கிடந்து மீண்டும் சாம்பலும் நீலமும் பூத்த அரை டாலர்கள் ஏராளம். அவற்றை நான் வாங்குவேன், அதற்குரிய விலையில் வாங்குவேன். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்களும் தேய்த்துக் கெடுத்தவற்றுக்கும் நிறம் ஏற்றியதாகக் கருதுபவற்றுக்கும் எண் தரம் கொடுக்காமல், குறையை எழுதி உறையிடுகின்றன. இருந்தாலும் உறைக்குள் இருக்கும் ஒரே காரணத்துக்காக வாங்குவது சரியல்ல. ஒரே தர எண்ணில் உயிருள்ள நாணயமும் உயிரற்ற நாணயமும் அடுத்தடுத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

படத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தைக் கூட்டி எடுத்த படத்தில் கீறல்கள் மறைந்துவிடும். நிறச்செறிவைக் கூட்டினால் சாம்பல் நீலமும் மயில் நீலமாகிவிடும். ஒற்றை விளக்கின் கீழே நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றும் காணொளியைக் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

வைகை_வடகரை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று திருநகருக்குச் சென்று வந்தேன். அந்த அம்மையார் பொறுமையோடு அறையின் விளக்குகளை அணைக்கவும் அனுமதித்தார். 2 மணி நேரத்துக்கு மேல் பார்த்தேன்.

முதலில் 1827ஐ எடுத்தேன். நேராகப் பிடித்தபோது பழுதே இல்லை. மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வந்தபோது, ஒரு கோணத்தில் லிபர்ட்டியின் கன்னத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம் முழுவதும் சீப்பால் வாரியது போலக் கீறல்கள் ஒளிர்ந்தன. லூப்பில் பார்த்தபோது அவை நட்சத்திரங்களைச் சுற்றி வளைந்து செல்வதும் தெரிந்தது. 'ஆர்' என்ற எழுத்தின் உட்குழிவில் வெண்பொடி இறுகிப் போய் இருந்தது. அதைக் காட்டியதும், சரஸ்வதி பூசைக்கு வீட்டு வெள்ளி எல்லாவற்றையும் தன் தாயார்தான் துலக்குவார் என்றும், அப்பாவின் பெட்டியில் மேலாக இருந்தவற்றையும் ஓரிரு முறை எடுத்துத் துலக்கியதாக நினைவு இருக்கிறது என்றும் அந்த அம்மையார் சொன்னார். என் வீட்டிலும் அதையே செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

1812இல் பட்டறை அண்ணன் சொன்னது போலவே உச்சியில் விளிம்பைத் தடவினேன். ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு விளிம்பெழுத்து இல்லை. உதடு தட்டையாக இருந்தது. மயில் கழுத்து நிறம் அந்த இடத்தில்தான் மிக அடர்த்தியாக இருந்தது, அங்கிருந்து கீழே ஒரு கோடு வடிந்து நின்றது. தேய்ந்த தொப்பியிலும் தேயாத பள்ளத்திலும் நிறத்தில் வேறுபாடே இல்லை. அந்தப் பெரியவர் அதை அப்படியேதான் வாங்கியிருக்க வேண்டும். மகளிடம் எல்லாவற்றையும் காட்டி விளக்கிவிட்டேன். அவர் வருந்தினாலும், விற்கும்போது வளையம் இருந்ததைச் சொல்லிவிடுவதாகக் கூறினார்.

1834ஐக் கடைசியாக எடுத்தேன். சாம்பலுக்கு அடியில் ஒளி இருந்தது. விளக்கின் கீழே சுழற்றியபோது நட்சத்திரங்களுக்கு இடையிலும் கழுகின் சிறகுக்குக் கீழும் மெல்லிய பட்டைகள் நகர்ந்தன. கூந்தல் மேடு வெளிர்ந்தும் இழைகளுக்குள் கருமை படிந்தும் இருந்தது. விளிம்பின் நீலம் உள்ளே வரவரப் பழுப்பாகி, அங்கிருந்து சாம்பலில் கரைந்துவிட்டது. எழுத்துகளைச் சுற்றி மட்டும் நிறம் சற்று விலகி நின்றது. 1834இல் ஒரு குறையும் கண்டேன். கழுகின் தலைக்கு மேலுள்ள பட்டையருகே கடுகளவு பச்சைப் பிசுக்கு ஒட்டியிருக்கிறது. பெரியவர் பிற்காலத்தில் அதை மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்திருக்கிறார். பிவிசி உறையின் கழிவு என்றே நினைக்கிறேன். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவிட்டேன்.

அந்தப் பச்சையைத் தூய அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம், அது சல்ஃபைடு நிறத்தைத் தொடாது என்று படித்தேன். தேய்க்காமல் ஊறவைத்தால் மட்டும் போதுமா?

காரைக்குடி_பெட்டகம்:

போதும். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். தூய அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, அடுப்பு, பூசையறை விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாத காற்றோட்டமான இடத்தில், மூடி போட்டு ஊறவிடுங்கள். சில மணி நேரத்துக்குப் பிறகு புதிய அசிட்டோனில் ஒருமுறை அலசி, துடைக்காமல் அப்படியே உலர விடுங்கள். பச்சை போன பிறகு அதன் அடியில் சிறு அரிப்பு இருந்தாலும் இருக்கலாம், அதைத் தொடாதீர்கள். பிறகு பாலியெஸ்டர் உறையில் போட்டு, ரப்பர் பேண்டு படாமல் வையுங்கள். ரப்பரில் உள்ள கந்தகம் உறையையும் தாண்டி வெள்ளியில் கருங்கோடு போட்டுவிடும்.

1827ஐ இன்னும் விற்கவில்லை என்றால், துலக்கிய நாணயம் என்ற விலைக்கு அவர் கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். 1834இன் பக்கத்தில் வைத்துச் சாய்த்துப் பார்க்க, அதைவிட நல்ல ஒப்பீடு உங்களுக்கு மதுரையில் கிடைக்காது.